இன்டர்நெட்டில் வேலை: தளத்தை நம்புவதா, பார்ட்டியை விசாரிப்பதா?

போத்தனூர், குறிச்சி, சுந்தராபுரம் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் நம் அன்பர்களிடம், வாடிக்கையாளர்கள் சாமான் பட்டியலோடு நாலு விசாரணையையும் சேர்த்துக் கொண்டு வருவது பழைய வழக்கம். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க எங்கே போவது, வாடகைக்கு வீடு இருக்கிறதா, மகளை எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்றெல்லாம் கேட்பார்கள். சமீப காலமாக அந்த வரிசையில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. செல்போனை நீட்டி, "ஏனுங்க அண்ணாச்சி, பையனை இந்த வெப்சைட்டில பார்த்து வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க, நம்பலாமுங்களா?" என்கிறார்கள்.

இதற்கு நம்மவர்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார்கள். "இன்டர்நெட் என்றாலே பிராடு, அந்தப் பக்கமே போகாதே" என்பது ஒன்று. "டி.வி.யில் விளம்பரம் வருகிற பெரிய கம்பெனிதானே, தைரியமாகப் போகலாம்" என்பது மற்றொன்று. இரண்டுமே விசாரிக்காமல் சொல்லும் பதில் என்பது நம் கருத்து. சரக்கு வாங்கும்போது நாம் ஒருநாளும் இப்படி நடந்துகொள்வதில்லை.

ரங்கே கவுடர் வீதிக்கு நல்ல பெயர் இருக்கிறது. அதனால் அங்கே இறங்கும் ஒவ்வொரு மூட்டைத் துவரம் பருப்பும் கல் இல்லாத பருப்பு என்று ஒப்புக்கொள்வோமா? வீதி வேறு, கடை வேறு, சரக்கு வேறு. வேலை தேடும் வெப்சைட் என்பதும் வீதி மாதிரிதான். நௌக்ரி தளம் 1997ல் ஆரம்பிக்கப்பட்டது. அதை நடத்தும் இன்போ எட்ஜ் கம்பெனி 2006ல் ஷேர் மார்க்கெட்டுக்கு வந்தது. அதன் வரவு செலவு பகிரங்கமானது. மான்ஸ்டர் என்று இருந்தது 2022ல் பவுண்டிட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. டெலிவரி, டெலிகாலர், கவுண்டர் வேலைகளுக்கென்று 2019ல் அப்னா வந்தது. இவையெல்லாம் நிஜமான ஸ்தாபனங்கள்; நிஜமான வேலைகளும் அவற்றில் வருகின்றன. கோயமுத்தூர் பம்பு கம்பெனிகளுக்கும் மில்களுக்கும் சாப்ட்வேர் கம்பெனிகளுக்கும் இன்று ஆள் எடுப்பவர்கள் பேப்பர் விளம்பரத்தைவிட இவற்றைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். புதன்கிழமை இந்துப் பத்திரிகையின் வேலை வாய்ப்புப் பக்கத்துக்காகக் காத்திருந்த காலம் மலையேறிவிட்டது. ஆகவே "அந்தப் பக்கமே போகாதே" என்று பிள்ளைகளிடம் சொல்வது, "வேலைக்கே போகாதே" என்று சொல்வதற்குச் சமம்.

ஆனால் ஒரு வியாபாரிக்கு முதலில் தோன்ற வேண்டிய கேள்வி, இந்தத் தளத்துக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பதுதான். நௌக்ரி போன்ற தளங்களுக்கு வருமானம் பிரதானமாக ஆள் தேடும் கம்பெனிகளிடமிருந்து வருகிறது. விளம்பரம் போடவும், லட்சக்கணக்கான பயோடேட்டாக்களைப் புரட்டிப் பார்க்கவும் கம்பெனிகள் பணம் கட்டுகின்றன. அப்படியானால் அங்கே வாடிக்கையாளர் கம்பெனிதான். நம் வீட்டுப் பையனின் பயோடேட்டா அங்கே அடுக்கி வைத்திருக்கும் சரக்கு. இதைக் குறையாகச் சொல்லவில்லை, வியாபாரத்தின் அமைப்பே அது. கம்பெனி என்ற பெயரில் ஒருவன் காசு கட்டி உள்ளே நுழைந்துவிட்டால், ஆயிரம் பேரின் செல் நம்பர் அவன் கைக்குப் போய்விடும். தளம் தன்னால் முடிந்தவரை சலிக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், சல்லடைக்குத் தப்பும் கல் தப்பத்தான் செய்யும். இந்தத் தளங்களே, வேலைக்காக யாரிடமும் பணம் கட்டாதீர்கள் என்று எச்சரிக்கை போட்டு வைத்திருக்கின்றன. படிப்பவர்கள்தான் குறைவு.

சில தளங்கள் வேலை தேடுகிறவரிடமும் பணம் வாங்குகின்றன. பயோடேட்டாவைத் திருத்தித் தருகிறோம், முன்வரிசையில் காட்டுகிறோம் என்று கட்டணச் சேவை விற்கிறார்கள். சொன்ன சேவையைச் செய்தால் அது மோசடி ஆகாது. ஆனால் அது வேலைக்கு உத்தரவாதமும் ஆகாது. அந்த எல்லை எங்கே தாண்டப்படுகிறது என்பதற்கு ஹைதராபாத் சம்பவம் உண்டு. விஸ்டம் ஜாப்ஸ் என்ற தளத்தின் தலைமை நிர்வாகியையும் ஊழியர்கள் பலரையும் 2018ல் சைபராபாத் போலீசார் கைது செய்தனர். பெரிய கம்பெனிகளில் இன்டர்வியூ என்று ஆசை காட்டி, சேவைக் கட்டணம் என்ற பெயரில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 70 கோடி ரூபாய் வசூலித்தார்கள் என்பது போலீசாரின் குற்றச்சாட்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், சராசரி ஆளுக்கு ஏழாயிரம் ரூபாய்தான் வருகிறது. ஏழாயிரத்துக்காக யார் வேலை மெனக்கெட்டு ஸ்டேஷன் படி ஏறுவார்கள்? அந்தத் தயக்கம்தான் இந்த மாதிரி வியாபாரத்தின் மூலதனம்.

2022ல் ஒரிசா போலீசார் கண்டுபிடித்தது இன்னொரு ரகம். உத்தரப் பிரதேசத்தின் அலிகாரிலிருந்து, சர்க்கார் சுகாதாரத் திட்டம் போலப் பெயர் வைத்த தளங்களை நடத்தி, பல மாநிலங்களில் சுமார் 50,000 பேரை ஏமாற்றியதாக ஒரு கும்பல் பிடிபட்டது. அங்கே வீதியே போலி. கோபுரம் மாதிரி ஒரு முத்திரையும், "யோஜனா" என்று ஒரு வார்த்தையும் இருந்தால் போதும், நம் ஜனங்கள் சர்க்கார் என்று நம்பிவிடுகிறார்கள். மத்திய, மாநில அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் "ஜி.ஓ.வி. டாட் இன்" அல்லது "என்.ஐ.சி. டாட் இன்" என்று முடியும். முடிய வேண்டும் என்பது முக்கியம். நடுவில் "ஜி.ஓ.வி." என்று நுழைத்துவிட்டு, கடைசியில் "டாட் காம்" என்றோ "டாட் ஆன்லைன்" என்றோ முடிந்தால், அது கம்பெனி லேபிளை ஒட்டிய கலப்பட எண்ணெய் டின்தான்.

இப்போது அதிகம் நடக்கும் ஏமாற்று தளத்துக்கு வெளியே நடக்கிறது. பையன் நல்ல தளத்தில்தான் பதிவு செய்திருப்பான். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு பெண் பெயரில் தகவல் வரும். "உங்கள் பயோடேட்டா பார்த்தோம், வீட்டிலிருந்தே வேலை, தினம் இரண்டாயிரம்" என்பார்கள். பிறகு டெலிகிராமுக்குப் போகச் சொல்வார்கள். யூடியூப் வீடியோவுக்கு லைக் போடுவது, ஹோட்டலுக்கு நட்சத்திரம் போடுவது என்று சின்னச் சின்ன வேலை. முதல் நாள் நூற்றைம்பதோ இருநூறோ நிஜமாகவே கணக்கில் ஏறும். இதுதான் சாம்பிள். சாம்பிள் நயமாக இருக்கும், மூட்டை வேறாக இருக்கும் என்பது நமக்குத் தெரியாததா? அடுத்து "ப்ரீபெய்டு டாஸ்க்": ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முன்னூறு. அதுவும் வரும். பின் பத்தாயிரம், ஐம்பதாயிரம் என்று ஏறியபிறகு, போட்ட பணத்தை எடுக்க "வரி" கட்டு என்பார்கள். 2023 டிசம்பரில் மத்திய உள்துறையின் சைபர் குற்றப் பிரிவு சொன்னதன் பேரில் இப்படிப்பட்ட பகுதிநேர வேலை, முதலீட்டுத் தளங்கள் நூற்றுக்கு மேல் முடக்கப்பட்டன. ஒரு கடையை மூடினால் ராத்திரியே வேறு போர்டு போட்டுத் திறக்கிறார்கள் என்பதால், முடக்கத்தை நம்பி உட்கார முடியாது.

அப்படியானால் எப்படித்தான் விசாரிப்பது? இதில் நம் வியாபாரிகளுக்கு மற்றவர்களைவிட ஒரு சௌகரியம் இருக்கிறது. முகம் தெரியாத புது பார்ட்டி பில் அனுப்பினால் நாம் முதலில் பார்ப்பது ஜி.எஸ்.டி. நம்பரைத்தான். அதே காரியத்தை வேலை தருகிறேன் என்கிறவனிடமும் செய்யலாம். "உங்கள் கம்பெனி ஜி.எஸ்.டி. நம்பரைச் சொல்லுங்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள், கேட்பதற்குக் காசில்லை. அந்தப் பதினைந்து எழுத்தில் முதல் இரண்டு மாநிலம். 33 என்றால் தமிழ்நாடு. அடுத்த பத்தும் பான் நம்பர். அந்தப் பானின் நாலாவது எழுத்து, அதாவது மொத்தத்தில் ஆறாவது எழுத்து, ஆள் யார் என்று சொல்லிவிடும்: கம்பெனி என்றால் "சி", கூட்டு வியாபாரம் என்றால் "எப்", தனி ஆள் என்றால் "பி". ஆபர் லெட்டரில் "பிரைவேட் லிமிடெட்" என்று போட்டு, நம்பரில் "பி" இருந்தால் மேலே பேச வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த நம்பரைப் போட்டால் சட்டப்படியான பெயர், பதிவான தேதி, விலாசம், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தா என்பதெல்லாம் லாகின் இல்லாமலே தெரியும். இருபது வருடக் கம்பெனி என்கிறவன் போன மாதம் பதிவு செய்திருந்தால் அதுவும் ஒரு சேதிதான்.

நம்பர் இல்லை என்பதாலேயே ஆள் போலி என்று சொல்லிவிடவும் கூடாது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருக்கும் சரக்கு வியாபாரி பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. நம்மிலேயே அப்படி எத்தனையோ பேர். மறுபுறம், நல்ல கம்பெனியின் நம்பரை எவனோ இரவல் வாங்கிப் போடுவதும் உண்டு. அதனால் நம்பர் சரியாக இருந்தாலும், அவன் தந்த போனில் பேசாமல், கம்பெனியின் சொந்த வெப்சைட்டிலோ கேட்டில் தொங்கும் போர்டிலோ இருக்கும் நம்பரில் கூப்பிட்டு, "இந்தப் பெயரில் ஆள் எடுக்கிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது. குறிச்சி சிட்கோவில் பட்டறை என்றால் ஒரு நடை நேரிலேயே போய்ப் பார்க்கலாம். பெரிய கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டு ஜிமெயிலில் கடிதம் அனுப்பினாலும் சந்தேகப்பட வேண்டும். வேலை உறுதியாகும் முன்பே ஆதார் நகல், பாங்க் பாஸ்புக், ஓ.டி.பி. என்று கேட்டால் கொடுக்கவே கூடாது.

"வேலைக்குக் காசு கேட்டால் மோசடி" என்று ஒரே வரியில் எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல விதிதான், ஆனால் ஒரு சந்தில் இடறும். சர்க்கார் தேர்வுகளுக்கு விண்ணப்பக் கட்டணம் உண்டு. ரயில்வே தேர்வு வாரியத்தின் விண்ணப்பத்துக்கு 500 ரூபாய். முதல் கட்டத் தேர்வை எழுதினால் அதில் 400 ரூபாய் திரும்ப வரும். டி.என்.பி.எஸ்.சி.யில் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய். இவை அந்தந்த வாரியத்தின் தளத்திலேயே கட்டுவது. எந்தத் தனி ஆளின் செல் நம்பருக்கும் அனுப்புவது அல்ல. கட்டணம் என்றால் ஒரே பிரிவினர் எல்லோருக்கும் ஒரே ரேட், ரசீது உண்டு, கட்டியதால் வேலை நிச்சயம் என்று யாரும் சொல்வதில்லை. லஞ்சமோ மோசடியோ என்றால் ஆளுக்கு ஒரு ரேட், ரசீது கிடையாது, வேலை மட்டும் "கன்பர்ம்".

ரயில்வே ஊரான போத்தனூரில் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. இங்குள்ள சிக்னல், தொலைத்தொடர்புப் பணிமனையின் பெயரால் தெற்கு ரயில்வே அப்ரண்டிஸ் பயிற்சிக்கு அறிவிப்பு வெளியிடுவது உண்டு. அது உண்மை. பத்தாம் வகுப்பு, ஐ.டி.ஐ. மார்க்கை வைத்துத் தேர்வு செய்கிறார்கள். அறிவிப்பு தெற்கு ரயில்வேயின் சொந்தத் தளத்தில் வரும். அந்தப் பயிற்சி நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் அல்ல. இந்த உண்மையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான், "ஒர்க்ஷாப்பில் ஆள் இருக்கிறார், மூன்று லட்சம்" என்கிற பேச்சு கிளம்புகிறது. 2022 ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேர் டில்லி ரயில்வே ஸ்டேஷனில் தினம் எட்டு மணி நேரம், சுமார் ஒரு மாதம், வந்துபோகும் ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணிக்கொண்டு நின்றார்கள். டி.டி.இ., கிளார்க் வேலைக்கு அதுதான் பயிற்சி என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். எல்லோருமாகக் கொடுத்த பணம் 2 கோடியே 67 லட்சம் ரூபாய். படித்த பிள்ளைகள்தான். ஆனால் ஊரில் நிலத்தையோ நகையையோ வைத்துப் பணம் கட்டியபிறகு, நாம் ஏமாந்துவிட்டோம் என்று மனசு ஒப்புக்கொள்ளாது. எண்ணச் சொன்னால் எண்ணிக்கொண்டே நிற்கும்.

வெளிநாட்டு வேலையைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று விளம்பரம் பார்த்துப் போனவர்கள் மியான்மரில் மியாவாடி பகுதிக்குக் கடத்தப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலைக்கே அடைத்து வைக்கப்பட்டதை 2022 செப்டம்பரில் வெளியுறவுத் துறை எச்சரிக்கையாகவே வெளியிட்டது. 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் இரண்டில் 549 இந்தியர்கள் அங்கிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். சுற்றுலா விசாவில் வேலை என்று எவன் சொன்னாலும் அது வேலை அல்ல. ஏஜெண்டு பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜெண்டும் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர அதிகம் வாங்கக்கூடாது.

இதெல்லாம் வேலை தேடுகிறவன் பாடு, நமக்கென்ன என்று அன்பர்கள் சிலர் நினைக்கலாம். அந்தப் பணம் நம் கல்லாப்பெட்டி வழியாகத்தான் ஓடுகிறது என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும். அறிமுகமில்லாத ஒருவன் கடைக்கு வருகிறான். "அண்ணாச்சி, உங்க கியூ.ஆருக்கு ஒரு பார்ட்டி இருபதாயிரம் போடுவாங்க, எனக்குக் கேஷாக் குடுங்க, இருநூறு நீங்க வெச்சுக்குங்க" என்கிறான். அனுப்புகிறவன் யார்? எங்கோ ஓர் ஊரில் "டாஸ்க்" வேலைக்கு முன்பணம் கட்டும் அப்பாவி. அவன் விழித்துக்கொண்டு 1930 என்ற நம்பருக்குப் போன் செய்கிறான். பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போனதோ அங்கெல்லாம் பாங்குக்குத் தகவல் போகிறது. கேஷ் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான்; கையில் கிடைப்பது நம் கணக்கு ஒன்றுதான். சில சமயம் அந்த இருபதாயிரத்தை மட்டும் நிறுத்தி வைக்கிறார்கள்; சில சமயம் கணக்கு முழுவதையுமே முடக்கிவிடுகிறார்கள். மண்டிக்குக் கொடுத்த செக் திரும்புகிறது. புகார் கொடுக்கப்பட்ட ஊர் வேறு மாநிலத்தில் இருந்தால், இருநூறு ரூபாய் கமிஷனுக்காக எத்தனை நாள் அலைவது?

ஏமாந்தவருக்குப் பணம் திரும்பக் கிடைக்க உடனடி முடக்கம் அவசியம்தான். அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் புகாருக்கு உட்பட்ட தொகையை மட்டும் நிறுத்திவிட்டு, மீதிக் கணக்கில் கடைக்காரர் வியாபாரம் செய்ய வழிவிட வேண்டும் என்பதைச் சங்கங்கள் பாங்குகளிடமும் காவல்துறையிடமும் வற்புறுத்த வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பது எளிய காரியம்: சரக்கு விற்காத பணத்தை நம் கியூ.ஆரில் வாங்காதீர்கள். கடைப் பையன் கவுண்டரில் தனியாக இருக்கும்போதுதான் இந்த ஆட்கள் வருவார்கள், ஆகவே அவனுக்கும் சொல்லி வையுங்கள். கணக்கு முடங்கிவிட்டால் பாங்கில் சண்டை போட்டுப் பயனில்லை. புகார் எண்ணையும், எந்த ஊர் ஸ்டேஷன் என்பதையும் எழுத்தில் வாங்கி, பில் நகலோடு பதில் கொடுக்க வேண்டும். சாமான் விற்ற பணம்தான் என்பதற்குப் பில் இருந்தால் பேச நமக்கு வாய் இருக்கும். "உன் பாங்க் கணக்கை வாடகைக்குக் கொடு, மாதம் பத்தாயிரம்" என்பதையும் இப்போது வேலை என்று விளம்பரம் செய்கிறார்கள். வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதற்கு இணங்கியிருப்பது காதில் விழுந்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஏமாற்றப்பட்டவனாக அல்ல, ஏமாற்றியவனின் கூட்டாளியாகவே அவன் பெயர் எழுதப்படும்.

இனி, ஆள் தேடும் நம் விஷயம். சொந்த பந்தத்தில், ஊர்ப் பக்கத்தில் சொல்லி வைத்துக் கடைக்குப் பையன்களைக் கொண்டுவந்த காலம் போய்விட்டது. நம் அன்பர்களும் ஆப்பிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் விளம்பரம் போடுகிறார்கள். எப்படிப் போடுகிறார்கள்? "ஆள் தேவை, நல்ல சம்பளம், தங்குமிடம் உண்டு, உடனே அழைக்கவும்" என்று ஒரு செல் நம்பர், அவ்வளவுதான். கடை பெயர் கிடையாது, வீதி கிடையாது, சம்பளம் எவ்வளவு என்பது கிடையாது. மேலே சொன்ன மோசடிக்காரன் விளம்பரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க வேலை தேடும் பையனால் எப்படி முடியும்? நயம் ஆள் வரவில்லை என்று குறைப்படுகிறோம். விவரம் தெரிந்த பையன் இந்த விளம்பரத்தைப் பார்த்து ஒதுங்கத்தான் செய்வான். பொருளுக்கு எம்.ஆர்.பி. போடுவது போலச் சம்பளத்தை ரூபாயில் போட வேண்டும். கடை பெயர், விலாசம், ஜி.எஸ்.டி. நம்பர் இருந்தால் அது, வேலை நேரம், வார விடுமுறை, சாப்பாடு உண்டா என்பதெல்லாம் எழுத வேண்டும். முன்பணம், டெபாசிட், ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எதையும் வாங்கி வைக்கக்கூடாது.

காசு செலவில்லாமல் இதைச் செய்ய இரண்டு அரசுத் தளங்கள் இருக்கின்றன. மத்திய தொழிலாளர் அமைச்சகம் 2015ல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்பு சேவைத் தளம் ஒன்று. தமிழக அரசு 2020ல் தொடங்கிய தனியார் துறை வேலைவாய்ப்புத் தளம் மற்றொன்று. இரண்டிலும் ஆள் தேடுகிறவரும் வேலை தேடுகிறவரும் இலவசமாகப் பதியலாம். அவற்றில் வரும் விளம்பரங்களும் தனியார் போடுவதுதான் என்பதால், பார்ட்டியை விசாரிக்கும் வேலை அங்கேயும் உண்டு. அந்த விசாரணையில் சங்கமும் ஒரு கை கொடுக்க முடியும். உறுப்பினர் கடையின் காலியிடம் என்றால் சங்கத்தின் உறுப்பினர் எண்ணையும் ஆபீஸ் போன் நம்பரையும் விளம்பரத்தில் சேர்க்க அனுமதிக்கலாம். பையனோ பெற்றோரோ போன் செய்து கேட்டால், "ஆமாம், அப்படி ஒரு கடை இருக்கிறது, இத்தனை வருடமாக இந்த வீதியில் நடக்கிறது" என்று சொல்ல ஆபீசில் ஆள் இருக்கிறார். சங்க ஆபீஸ் வாசலில் காலியிடப் பலகை ஒன்று வைக்கலாம், அதிலும் இதே விவரங்களை எழுதலாம். வரும் செயற்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். ஆள் தேவைப்படும் அன்பர்கள், சம்பளத் தொகையோடு கூடிய விவரத்தை இப்போதே எழுதி ஆபீசில் கொடுத்து வைக்கலாம்.